நடுச்சந்தும் ஒரு லாரிக் கதவும்

மலாயாவின் அவசரகாலத்தில் ஜாசினிலிருந்து மலாக்கா டவுனுக்குப் போகும் சாலையில் ஒரு ரோட் பிளாக் இருந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியோ மருந்தோ போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்று, போகிற வண்டி வருகிற வண்டி எல்லாவற்றையும் நிறுத்திச் சோதிப்பார்கள். எதிரே வருபவற்றைத் தூரத்திலேயே நிறுத்திவைத்துவிட்டு, டவுன் பக்கம் போகிற வண்டிகளை இரண்டு வரிசையாக்குவார்கள். இடது பக்கம் பஸ்கள், வலது பக்கம் லாரிகள். நடுவில் ஓர் ஆள் இரண்டு கையையும் அகட்டி நிற்க முடியாத அளவுக்கு ஒரு சந்து இருக்கும். மோட்டார் சைக்கிள்காரர்கள் நாங்கள் அந்த நடுச்சந்தில்தான் போவோம்.

அப்படிப் போகலாம் என்று சட்டம் சொன்னதா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. போகக் கூடாது என்று யாரும் எங்களை நிறுத்தியதில்லை. முன்னால் நிற்கும் சிப்பாயே கையை ஆட்டிக் கூப்பிடுவான். மோட்டார் சைக்கிளில் சோதிக்க என்ன இருக்கிறது? பையைத் தட்டிப் பார்த்து, ஐ.சி. என்கிற அடையாள அட்டையைப் பார்த்து அனுப்பிவிடலாம். ஒரு மணி நேரம் வெயிலில் காய்கிறவர்களைக் கடந்து இரண்டு நிமிடத்தில் போய்விடுவதில் ஒரு மிதப்பு இருந்தது. பஸ் ஜன்னலில் இருக்கும் முகங்கள் நம்மையே பார்க்கும். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

நான் ரப்பர் தோட்டத்து டிரசர், டாக்டருக்கு அடுத்தபடி வைத்தியம் பார்க்கிறவன். டாக்டர் மாதத்துக்கு இரண்டு முறை காரில் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சல், பாம்புக்கடி, பிரசவம், பால்வெட்டுக் கத்தி கிழித்த கை எல்லாம் என் பொறுப்பு. மூன்று டிவிஷனையும் சுற்றிவர வேண்டும் என்பதால் துரை எனக்கு ஒரு மோட்டார் சைக்கிள் கொடுத்திருந்தார். குடியிருக்க வீடும் கொடுத்திருந்தார். எல்லாம் வேலையோடு வந்தவை.

அன்று எனக்கு அவசரம் எதுவும் இல்லை. மருந்துப் பட்டியல் ஒன்றை டவுனில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். தோட்டத்து லாரியிலேயே கொடுத்தனுப்பியிருக்கலாம். ஆனால் வரிசையில் நிற்பதற்கு நான் என்ன சாதாரண ஆளா? நடுச்சந்தில் வண்டியை விட்டேன். பாதி தூரம் போயிருப்பேன். முன்னால் "தூருன்!" என்று சிப்பாய் கத்தினான். மலாயில் இறங்கு என்று அர்த்தம். வலது பக்கம் ரப்பர் ஷீட் ஏற்றிய ஒரு லாரியின் கதவு படாரென்று திறந்தது. கதவின் விளிம்பு என் தோளில் இடித்தது ஞாபகம் இருக்கிறது. இடது பக்கம் சாய்ந்தேன். அந்த நேரம் பார்த்து பஸ் வரிசை ஒரு கஜம் முன்னால் நகர்ந்தது.

சத்தம் கேட்டது, வலி தெரியவில்லை. பஸ்ஸின் பின்சக்கரம் என் இடது காலில் ஏறி இறங்கியிருந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்ததைப் பார்த்தேன். வேறொருவன் காலைப் பார்ப்பது போலத்தான் பார்த்தேன். "யாரும் இழுக்காதீங்க, பலகை கொண்டாங்க, பலகை" என்று நானே கத்தினேனாம். பிறகு சொன்னார்கள்.

பெரியாஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்துப் புண்ணைக் கழுவி, எலும்பை உள்ளே தள்ளி, காலை நீளவாக்கில் ஓர் இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டிவிட்டார்கள். போர்வை படாமல் இருக்க மேலே வளைந்த கம்பிக்கூண்டு ஒன்றை வைத்தார்கள். தலையணை கிடையாது, எழுந்து உட்காரக் கூடாது, புரளக் கூடாது. வேளை தவறாமல் பெனிசிலின் ஊசி. இதெல்லாம் நான் மற்றவர்களுக்குச் செய்த வைத்தியம்தான். படுத்துக்கிடப்பவன் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வேறு மாதிரி இருக்கிறது.

எலும்பு முறிந்ததற்காக நான் பயப்படவில்லை. எலும்பு ஒட்டும். எனக்குப் பயம் ரத்தக்குழாயைப் பற்றி. முழங்காலுக்குக் கீழே போகிற பெரிய குழாய் நசுங்கியிருந்தால் பாதத்துக்கு ரத்தம் போகாது. ரத்தம் போகாத சதை செத்துப்போகும். செத்த சதையை வைத்திருந்தால் விஷம் உடம்பெல்லாம் ஏறும். வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. இதைக் கண்டுபிடிக்க மெஷின் எதுவும் வேண்டாம். கால் பெருவிரல் நகத்தை அமுக்கினால் வெளுக்கும். விட்டதும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் பழையபடி சிவக்க வேண்டும். சிவந்தால் ரத்தம் ஓடுகிறது. சிவக்காவிட்டால் இல்லை.

இந்தச் சோதனையைத் தோட்டத்தில் எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறேன். என் காலுக்குச் செய்ய முடியவில்லை. கூண்டுக்கு அந்தப் பக்கம் என் விரல்கள் இருந்தன. நான் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தேன். வார்டு நர்ஸ் மிஸ்ஸியைக் கேட்டேன். அவள் சீனப் பெண், நல்ல பெண், ஆனால் கண்டிப்பானவள். "டாக்டர் பார்ப்பார், நீங்கள் பேசாமல் படுங்கள்" என்றாள். காலை ரவுண்டில் பெரிய டாக்டர், வெள்ளைக்காரர், கூண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் அடுத்த கட்டிலுக்குப் போனார். நானும் அப்படித்தான் போவேன், சொல்ல நல்ல சேதி இல்லாதபோது.

இரண்டாம் நாள் போலீஸ் சார்ஜன்ட் ஒருவர் வாக்குமூலம் எழுத வந்தார். மலாய்க்காரர். மரியாதையாக ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இரண்டு வரிசைக்கு நடுவே ஏன் வந்தாய் என்பது அவருடைய முதல் கேள்வி. என் மேல் தப்பு என்று எழுதிவிட்டால் துரை என்ன நினைப்பார்?

"அவசரக் கேஸ்" என்றேன் மலாயில். பொய். "எல்லா மோட்டார் சைக்கிளும் அப்படித்தான் போகும். சிப்பாயே கூப்பிட்டான்." அது உண்மை.

"அப்படியானால் யார் தப்பு?" என்று கேட்டார்.

"பின்னால் திரும்பிப் பார்க்காமல் கதவைத் திறந்தவன் தப்பு."

அவர் எழுதினார். மலாயில் வாசித்துக்காட்டினார். படுத்தபடியே கையெழுத்துப் போட்டேன். போட்டதும் நிம்மதியாகக்கூட இருந்தது.

என் மனைவி சரசு தினமும் சாயந்திரம் பஸ் பிடித்து வருவாள். சமைத்த சோறு ஒரு பிடிகூட தோட்டத்து கேட்டைத் தாண்டக் கூடாது என்று அப்போது சட்டம். கேட்டில் காவலுக்கு நிற்கும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் தூக்குச்சட்டியைத் திறந்து முகர்ந்து பார்ப்பான். அதனால் அவள் வெறும் டிபன் கேரியரைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து, டவுன் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் இட்லியும் சாம்பாரும் வாங்கி அதில் மாற்றிக்கொண்டு வருவாள். "வீட்டுச் சாப்பாடுங்க" என்று ஊட்டுவாள். அந்தக் கடைச் சாம்பாரை எனக்குப் பத்து வருஷமாகத் தெரியும். அவளுடைய சாம்பாரில் இவ்வளவு பெருங்காயம் இருக்காது. நான் வாயைத் திறந்தேன்.

மூன்றாம் நாள் அவளிடம் கேட்டேன். "கூண்டுக்குள்ள கைய விட்டு என் பெருவிரல் நகத்த அமுக்கிப் பாரு. விட்ட பொறவு கலர் வருதான்னு சொல்லு."

அவள் கால்மாட்டுக்குப் போனாள். குனிந்தாள்.

"செவந்துடுச்சுங்க. நல்லா செவந்துடுச்சு."

"அமுக்கினியா?"

"அமுக்குனேன், அமுக்குனேன். உடனே செவந்துடுச்சு."

நான் மனதுக்குள் ஒன்று எண்ணி முடிப்பதற்குள் அவள் பதில் சொல்லிவிட்டாள். நாலாம் நாளும் அதே பதில். குரலில் அதே அவசரம். அவள் பொய் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தப் பதிலைக் கேட்கத்தான் சாயந்திரம் எப்போது வரும் என்று காத்துக்கிடந்தேன்.

ஐந்தாம் நாள் பார்வையாளர் நேரம் தொடங்கியதும் கால்மாட்டில் ஒருவர் வந்து நின்றார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். காக்கிச் சட்டை, கையில் ஒரு பார்லித் தண்ணீர் போத்தல். சரசு இன்னும் வந்திருக்கவில்லை. தோட்டத்து ஆளாக இருக்கும் என்று நினைத்தேன்.

"யாருய்யா நீ? எந்த டிவிஷன்?"

"நான் உங்க தோட்டம் இல்லண்ணே. பேரு காத்தமுத்து." போத்தலைக் கை மாற்றிக்கொண்டார். "ஷீட்டு லாரியில கெலிண்டானா இருக்கேன். நாந்தாண்ணே அன்னிக்குக் கதவத் தொறந்தது."

கெலிண்டான் என்றால் லாரி டிரைவருக்குத் துணையாக இடது பக்கம் உட்கார்ந்து வருகிறவர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழ முடிந்திருந்தால் அடித்திருப்பேன்.

"பாத்துத் தொறக்கக் கூடாதாய்யா? கண்ணு எங்கய்யா போச்சு உனக்கு?"

"பாக்கலண்ணே. தப்புதான்." அவர் குரலை உயர்த்தவில்லை. "ரெண்டு மாசம் முந்தி எறங்க லேட்டாச்சுன்னு துப்பாக்கிக் கட்டையால இங்க இடிச்சாங்க." விலாவைத் தொட்டுக் காட்டினார். "உள்ளாற எதையோ ஒளிச்சு வெக்கிறேன்னு நெனச்சுட்டாங்களாம். அதுலேருந்து அந்தத் தூருன்னு கத்துற சத்தம் காதுல விழுந்தா கை தானா போயிடுதுண்ணே."

"கை தானா போவுதா! நல்ல கதையா இருக்கே. உன் கை போனதுக்கு என் காலு போவணுமா?"

அவர் அங்கேயே நின்றார். மற்ற கட்டில்காரர்கள் பார்க்கிறார்கள் என்று நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் அவர் நின்ற இடம் என் விரல்களுக்கு நேராக இருந்தது. என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அந்தக் கூண்டுக்குள்ள கைய விடு. பெருவிரல் நகத்த அமுக்கு. விட்டுட்டு எண்ணு."

அவர் போத்தலைக் கீழே வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைப்பது போலக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, குனிந்தார். வாய்விட்டு எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு. பத்து வரைக்கும் எண்ணினார்.

"வெள்ளையாவே இருக்குண்ணே."

"இன்னொருவாட்டி."

இன்னொரு முறையும் பத்து வரை எண்ணினார். "வெள்ளைதாண்ணே. சுண்டுவிரலு பக்கம் நீலமா இருக்கு. தொட்டா ஜில்லுனு இருக்கு. நான் தொட்டது உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

தெரியவில்லை. அவர் எப்போது தொட்டார், எப்போது விட்டார் என்று எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. இருபது வருஷம் டிரசராக இருந்தவன் அன்று சின்னப் பிள்ளை போல அழுதேன். அந்த மனிதர் என்ன செய்வதென்று தெரியாமல் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு உண்மையைச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அதற்குப் பிறகு அவர் தினமும் வந்தார். நான் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. சரசுவுக்கு ஆரம்பத்தில் அவரைக் கண்டாலே ஆகாது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுவாள். அவர் எண்ணுவார், நான் கேட்பேன். வெள்ளை நீலமாயிற்று, நீலம் கறுப்பாயிற்று. செத்த சதைக்கும் உயிருள்ள சதைக்கும் நடுவே உடம்பே ஓர் எல்லை போட்டுக்கொள்ளும். டாக்டர்கள் அதற்காகத்தான் காத்திருப்பார்கள், எல்லை எங்கே நிற்கிறது என்று தெரிந்தால்தான் எங்கே வெட்டுவது என்று முடிவு செய்ய முடியும். "இன்னிக்கு எங்க இருக்கு?" என்று கேட்பேன். "கணுக்கால தாண்டிடுச்சுண்ணே" என்பார். எல்லை மேலே ஏறுவதை நான் பார்க்காமலே படுத்திருந்தேன். அதைவிடக் கையாலாகாத ஒரு நிலை மனிதனுக்கு வேண்டாம்.

கால் போனால் மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியாது. மோட்டார் சைக்கிள் இல்லாத டிரசரை வைத்துக்கொண்டு தோட்டம் என்ன செய்யும்? வேலை போனால் வீடும் போகும். இதையேதான் நாளெல்லாம் திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நாள் காலை பெரிய டாக்டர் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "நீயும் மருந்துத் தொழிலில் இருப்பவன். உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை" என்றார். முழங்காலை விட்டுவிட்டு அதற்குக் கீழே எடுப்பதாகச் சொன்னார். முழங்கால் இருந்தால் மரக்கால் பொருத்தி நடக்கலாம். சம்மதக் காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார்கள். தோட்டத்தில் கையெழுத்துப் போடத் தயங்கியவர்களை நான் எவ்வளவு சுலபமாக அதட்டியிருக்கிறேன்! போடு, போடு, நல்லதுக்குத்தானே சொல்றேன் என்று. என் கை காகிதத்தில் படவே மறுத்தது. பேனா மை காய்ந்துபோகும் அளவுக்குப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று சரசுவைக் காலையிலேயே உள்ளே விட்டார்கள். அவளிடம் கேட்டேன், "உனக்குத் தெரியும்தானே?"

"தெரியுங்க."

"அப்பறம் ஏன் செவந்துடுச்சு செவந்துடுச்சுன்னு சொன்ன?"

"நீங்க அப்படிக் கேக்கறப்ப நான் வேற என்னங்க சொல்லுவேன்?" என்றாள். என் நெற்றியில் கையை வைத்தாள். அவள் கை நெற்றியில் இருக்கும்போதுதான் கையெழுத்துப் போட்டேன்.

கண்விழித்தபோது கால் விரல் அரித்தது. எடுத்த காலின் பெருவிரல்தான். இல்லாத விரல் அரிக்கும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். அறுபட்ட நரம்பு இன்னும் பழைய சேதியையே மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். படித்தது வேறு. சொறிய இடமில்லாமல் அரிப்பது வேறு. காத்தமுத்து வந்து, பழக்கதோஷத்தில் கால்மாட்டில் போய் நின்றார். அங்கே போர்வை தட்டையாகக் கிடந்தது. அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மெதுவாகத் தலைமாட்டுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அதுவரை அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

அன்றைக்குத்தான் அவருடைய சேதியை நான் கேட்டேன். அதுவரை கேட்கவே தோன்றவில்லை.

"லாரியில வேல இல்லண்ணே. போலீசு கேசு வந்ததும் லாரி மொதலாளி தவுக்கே வராதேன்னுட்டாரு. அவரையும் கொற சொல்ல முடியாதுலா. கேசு உள்ளவன ரோட் பிளாக்குல கூட்டிக்கிட்டுப் போனா லாரியவே நோண்டி நோண்டிப் பாப்பாங்க."

"என்ன கேசு?"

"கவனமில்லாம கதவத் தொறந்தது. அடுத்த வாரம் கோர்ட்டு. நீங்க எழுதிக்குடுத்த காயிதத்தப் படிச்சுக் காட்டுனாங்க." குற்றம் சொல்லும் குரலே இல்லை. "உள்ளதத்தான எழுதியிருக்கீங்க."

மறுநாள் மிஸ்ஸியைக் கெஞ்சி, சார்ஜன்டுக்குச் சொல்லி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அவர் வந்தார். அன்று எனக்கு அவசரக் கேஸ் எதுவும் இல்லை, நான் மெதுவாகப் போயிருந்தால் கதவைப் பார்த்து நிறுத்தியிருக்கலாம், வாக்குமூலத்தை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"மாற்றினால் பொய் சொன்னதாக உன் மேலும் கேஸ் வரும். அப்போதும் அவன் மேல் இருக்கும் கேஸ் போகாது. காகிதம் மேலே போய்விட்டது" என்றார். பிறகு, என் கால் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, நடுச்சந்தில் மோட்டார் சைக்கிள் போகக் கூடாது என்று அங்கே பலகை வைத்துவிட்டார்கள் என்றும் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தார் போலும்.

காத்தமுத்து கடைசியாக வந்தது கோர்ட்டுக்கு மறுநாள். குற்றத்தை ஒப்புக்கொண்டாராம். "இல்லேன்னு எப்படிண்ணே சொல்றது?" என்றார். புலாவ் செபாங்கில் சொந்தக்காரர் இருக்கிறார், ரயில்வே பக்கம் ஏதாவது கூலி வேலை பார்க்கலாம் என்று குடும்பத்தோடு கிளம்புவதாகச் சொன்னார். வராந்தாவில் இருந்த சரசு உள்ளே வந்து, டிபன் கேரியரில் எனக்கென்று கொண்டுவந்திருந்த இட்லியை ஒரு தட்டில் எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் நின்றபடியே சாப்பிட்டார். "உங்க கைப்பக்குவம் நல்லா இருக்குக்கா" என்றார். சரசு என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். மன்னிச்சுக்கய்யா என்று சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்வதற்குள் பார்வையாளர் நேரம் முடிந்ததென்று மணி அடித்துவிட்டார்கள்.

ஆறு வாரம் கழித்து என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். வெட்டிய இடம் ஆறி, மரக்கால் பொருத்த இன்னும் நாளாகும் என்று இரண்டு ஊன்றுகோல் கொடுத்தார்கள். துரையிடமிருந்து கடிதம் வந்திருந்தது. புது டிரசர் வந்துவிட்டார், மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலிசெய்ய வேண்டும் என்று வருத்தத்தோடு எழுதியிருந்தார். அழைத்துப்போகத் தோட்டத்து லாரியை அனுப்பியிருந்தார், அந்த மட்டுக்கும் நல்ல மனிதர். டிரைவர், நடுவில் சரசு, இடது பக்கக் கதவோரம் நான்.

திரும்பி வருகிற வழியிலும் அந்த இடத்தில் சோதனை இருந்தது. இப்போது டவுனிலிருந்து வருகிற வண்டிகளின் முறை, எங்களை வலது வரிசையில் விட்டார்கள். இடது பக்கம் பஸ்கள். நடுவே அதே சந்து. சாலையோரம் புதுப் பலகை நின்றது. நான்கு மொழியிலும் மோட்டார் சைக்கிள்கள் வரிசையில் நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தது. பலகைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு ஒரு சிப்பாய் மோட்டார் சைக்கிள்காரர்களைக் கையை ஆட்டி முன்னால் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். வெயில் கொளுத்தியது. ஒற்றைக் காலோடு எப்படி இறங்குவேன், மெதுவாக இறங்கினால் என்ன நினைப்பான், ஊன்றுகோலைத் துப்பாக்கி என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது என்று மனம் ஓடிக்கொண்டே இருந்தது. இதற்கு முன் இந்த ரோட் பிளாக்கில் நான் ஒருநாளும் பயந்ததில்லை. லாரிக்குள் உட்கார்ந்து அதைப் பார்த்ததும் இல்லை.

"தூருன்!" என்று குரல் கேட்டது.

கதவு திறந்துவிட்டது. நான்தான் திறந்திருந்தேன். பிரேக் கிறீச்சிட்டது, ஒரு மோட்டார் சைக்கிள் கதவின் விளிம்பை உரசிக்கொண்டு வளைந்து, பஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு கையை ஊன்றி, எப்படியோ விழாமல் நின்றது. ஓட்டியவன் திரும்பி என்னைப் பார்த்தான். முகம் வெளுத்திருந்தது. என்னென்னவோ திட்டினான். பிறகு என் கால்சட்டையின் மடித்துக் குத்திய முனையைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டு போய்விட்டான்.

சரசு என் சட்டையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"என்னங்க இது? பாத்துத் தொறக்கக் கூடாதா?"

"கை தானா போயிடுச்சு சரசு" என்றேன்.